கட்டம் எண்ணத் தெரிந்தால் ஐகொன் செய்யலாம்

வடக்கிலும் கிழக்கிலும் யுத்தப் பிரதேசங்களில் வாழ்ந்த பெண்களில் மிதிவெடிப் பலகையைக் காணாதவர்கள் மிகச் சிலரே. சிவப்பு நிறத் தகடு, நடுவில் ஒரு மண்டையோடு, குறுக்காக இரண்டு எலும்புகள். மீள்குடியேறிய காலத்தில் விறகு பொறுக்கப் போன தாயும், மாடு தேடிப் போன பிள்ளையும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அந்தப் படத்தைப் பார்த்தே காலைப் பின்னுக்கு எடுத்தார்கள். பலகையில் எழுத்தும் இருந்தது. ஆனால் எழுத்தை வாசிக்க முன்னரே படம் தன் வேலையைச் செய்துவிட்டது.

ஆகவே ஒரு சிறிய படத்துக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பதை எமக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்னம் பார்த்துப் புள்ளடி இட்ட எமது பாட்டிமாரும் இதை அறிவார்கள். இன்று அதே வேலையைக் கணனியிலும் கைத்தொலைபேசியிலும் செய்யும் சிறிய படங்களை ஐகொன் என்கிறோம். மவுஸை அசைக்கும்போது திரையில் ஓடித்திரியும் அம்புக்குறியைக் கேர்சர் என்கிறோம். இவை எப்படிச் செய்யப்படுகின்றன? விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவுமின்றி, விசைப்பலகையில் ஒரு வரியைத் தட்டி நாமே இவற்றைச் செய்வது எப்படி? அப்படிச் செய்வதால் எமக்கு என்ன பயன்? இம்மூன்றையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

யார் தெரிவு செய்த படம்?

மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் இருந்து வரும் பெண்களுடன் கணனி வகுப்புகளில் இருந்திருக்கிறேன். வகுப்பில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு.

“மிஸ், மேல இருக்கிற இந்தச் சதுரப் பெட்டி என்னா?”

“அது செய்த வேலையைச் சேமிக்கிறதுக்கு அம்மா.”

“சேமிக்கிறதுன்னா உண்டியல் படம்தானே மிஸ் போடணும்?”

கேட்டவர் சிரித்துக்கொண்டே கேட்டாலும் கேள்வி சரியானது. அந்தச் சதுரப் பெட்டி ஒரு பழைய பிளொப்பித் தட்டின் படம். 1.44 மெகாபைட் கொள்ளும் அந்தத் தட்டுகளின் விற்பனையைச் சோனி நிறுவனம் 2011இல் நிறுத்திவிட்டது. அதைக் கையால் தொட்டிராத ஒரு தலைமுறை இன்று அதன் படத்தை அழுத்திக்கொண்டிருக்கிறது. பழகிவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் முதன்முறையாகக் கணனியின் முன் உட்காரும், பாடசாலைப் படிப்பு இடையில் நின்றுபோன ஒரு பெண்ணுக்கு அந்தப் படம் எதையும் சொல்வதில்லை. “எனக்குத்தான் விளங்கவில்லை” என்று அவர் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார். உண்மையில் குறை படத்தில் இருக்கிறது. அதைத் தெரிவு செய்தவருக்கு இவருடைய வாழ்க்கை தெரியாது.

சமூகவியலில் குறியீடு பற்றிப் படிக்கும்போது சொல்லித்தரப்படும் அடிப்படை விடயமும் இதுதான். ஒரு குறியீட்டுக்குத் தானாக அர்த்தம் கிடையாது. ஒரு கூட்டம் மக்கள் சேர்ந்து அதற்கு அர்த்தம் கொடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் எமது பெண்கள் இல்லாவிட்டால் அவர்களுக்குப் புரியாத படங்களே திரையில் நிறையும்.

தையல் அறிந்த ஒரு பெண்ணிடம் இருந்து

1983 என்றால் எமக்கு ஆடிக் கலவரமே நினைவுக்கு வரும். மலையகத் தோட்டங்களில் இருந்து 1977இலும் 1983இலும் உயிருக்கு அஞ்சி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்கள் பல. அங்கும் யுத்தம் அவர்களைப் பின்தொடர்ந்து, 2009 வரை ஊர் ஊராக அலைத்தது. இதை வாசிப்பவர்களில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் இருப்பீர்கள்.

அதே 1983இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அப்பிள் நிறுவனத்தில் சூசன் கேர் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். அவர் கணனிப் பொறியியலாளர் அல்லர். ஓவியத்துறையில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1984 ஜனவரியில் வெளிவந்த மெக்கின்டோஷ் கணனிக்குச் சிறிய படங்களை வரைவதே அவருடைய வேலை. கட்டம் போட்ட ஒரு கொப்பியை வாங்கி, அகலத்துக்கு 32 கட்டம், உயரத்துக்கு 32 கட்டம் என எடுத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குவது, எதை வெள்ளையாக விடுவது என்று ஒவ்வொன்றாக நிரப்பினார். கணனி சரியாக இயங்குகிறது என்று காட்டும் சிரித்த முகம், குப்பைத் தொட்டி, பிழை நேர்ந்தால் வரும் வெடிகுண்டுப் படம் எல்லாம் இப்படித்தான் பிறந்தன. அவரது கொப்பித் தாள்களை நியூயோர்க்கின் நவீன கலை அரும்பொருளகம் 2015இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

இந்த வேலைக்கு அவருக்குக் கைகொடுத்தவை ஊசித் தையலும் கல் பதித்துப் படம் செய்யும் மொசைக் கலையும் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். சிலுவைத் தையல் போட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். துணியின் இழையை எண்ணி, இந்தக் கட்டத்தில் சிவப்பு, அடுத்த மூன்றில் பச்சை என்று தைக்கிறோமே, அதேதான் இதுவும். ஊசிக்குப் பதிலாக விசை, நூலுக்குப் பதிலாக நிறம். புள்ளி வைத்துக் கோலம் போடும் கைக்கும் இந்தக் கணக்கு அந்நியமானதல்ல.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

விண்டோஸ் கணனிகளில் ஐகொன் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஐ, சி, ஓ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இருக்கும். இதை ஒரு படம் என்று நினைப்பது பொதுவான தவறு. இது பல படங்களை அடுக்கி வைத்த ஒரு பெட்டி. ஒரே படத்தின் 16, 32, 48, 256 கட்ட அளவுகள் அதற்குள் ஒன்றாக இருக்கும். சிறிய பட்டியலில் காட்ட வேண்டியபோது கணனி 16ஐ எடுக்கும். மேசைத் திரையில் காட்ட 32 அல்லது 48ஐ எடுக்கும். பெரிதாகக் காட்ட 256ஐ எடுக்கும்.

பெட்டியின் தொடக்கத்தில் 6 பைட் கொண்ட ஒரு முகவுரை. அதன் பின் ஒவ்வொரு படத்துக்கும் 16 பைட் கொண்ட ஒரு பதிவு. அகலம் என்ன, உயரம் என்ன, பெட்டிக்குள் எங்கே தொடங்குகிறது என்று அதில் எழுதியிருக்கும். சேமிப்புக் குழுவின் கணக்குப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் அங்கத்தவர் பட்டியலும், உள்ளே ஒவ்வொருவரின் கணக்கும் இருப்பதைப் போன்றது இது.

16க்கு 16 என்றால் 256 கட்டங்கள். 32க்கு 32 என்றால் 1,024. 256க்கு 256 என்றால் 65,536 கட்டங்கள். ஒரு கட்டத்தின் நிறத்துக்கு 4 பைட் என்று கொண்டால் கடைசி அளவு மட்டுமே 256 கிலோபைட் இடம் பிடிக்கும். அதனால்தான் 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இருந்து பெரிய அளவை மட்டும் பி-என்-ஜி முறையில் சுருக்கி உள்ளே வைக்கிறார்கள்.

இன்னொரு விடயமும் உண்டு. ஐகொன் பெரும்பாலும் சதுரம். ஆனால் திரையில் பார்க்கும்போது படத்தைச் சுற்றியுள்ள பகுதியில் பின்னால் இருப்பது தெரிகிறது. இது எப்படி? மாத்தளைக்காரர்களுக்குப் பத்திக்கைக் கொண்டு இதை விளக்குவது இலகு. மாத்தளை நகருக்கு அருகில் உள்ள அலுவிகாரையில், ஏனா டி சில்வா அம்மையார் 1980களில் தன் குடும்ப ஊருக்குத் திரும்பி வந்து, கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பத்திக்கும் பூத்தையலும் செய்யும் பட்டறைகளை நடத்தினார். 1922இல் பிறந்த அவர் 2015இல் காலமானார். பத்திக்கில் மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது. எங்கே நிறம் வேண்டும் என்பதைப் போலவே எங்கே வேண்டாம் என்பதையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். ஐகொனிலும் நிறப் படத்துடன் இன்னொரு மறைப்புப் படம் சேர்ந்திருக்கிறது. எந்தக் கட்டம் நிறம் இல்லாமல் கண்ணாடி போல விடப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. கணனியின் மெழுகு அதுதான்.

இரண்டு இலையும் ஒரு மொட்டும்

இப்போது செய்து பார்ப்போம். தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த படம் இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஒரு மாதர் சங்கம் தனது கணக்குக் கோப்புகளுக்கு அடையாளமாக இதை வைத்துக்கொள்ளலாம்.

மவுஸும் வேண்டாம், ஓவிய மென்பொருளும் வேண்டாம். வெறும் எழுத்துக் கோப்பில் 0உம் 1உம் தட்டியே படம் செய்யும் ஒரு பழைய முறை இருக்கிறது. மின்னஞ்சலில் எழுத்தை மட்டுமே அனுப்ப முடிந்த 1980களில், படத்தையும் எழுத்தாக்கி அனுப்புவதற்காக ஜெவ் பொஸ்கன்சர் என்பவர் உருவாக்கிய பி-பி-எம் முறை அது. முதல் வரியில் ஆங்கிலப் பெரிய ‘பி’ எழுத்தும் 1உம் சேர்த்து எழுத வேண்டும். இரண்டாம் வரியில் அகலமும் உயரமும்: 16 16. அதன் பின் கட்டங்கள். 0 என்றால் வெள்ளை, 1 என்றால் கறுப்பு.

0000000110000000
0000000110000000
0000001111000000
0000001111000000
0110001111000110
0111001111001110
0111100110011110
0111110110111110
0011110110111100
0011111111111100
0001111111111000
0000111111110000
0000001111000000
0000000110000000
0000000110000000
0000000110000000

பக்கத்தைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் மொட்டு, இருபுறமும் இலை, கீழே காம்பு. ஒவ்வொரு வரியிலும் 16 இலக்கங்கள் இருக்க வேண்டும். எண்ணிக்கை ஒன்று பிசகினால் அதற்குப் பின் வரும் எல்லா வரிகளும் சரிந்துவிடும். தையலில் ஓர் இழை தவறினால் நடப்பதுதான் இங்கும் நடக்கும்.

இதைப் பெட்டிக்குள் வைக்க இரண்டு இலவசக் கருவிகள் போதும். முதலாவது இமேஜ்மேஜிக். 1987இல் ஜோன் கிறிஸ்டி என்பவர் எழுதத் தொடங்கியது. ஒருவகைப் படத்தை இன்னொரு வகையாக மாற்றும், அளவைக் குறைக்கும். இரண்டாவது ஐகோயூட்டில்ஸ். ஒஸ்கார் லில்யெப்ளாட் என்பவர் எழுதியது. ஐகொன், கேர்சர் ஆகிய இரண்டுக்கும் மட்டுமே உரிய சிறிய கருவித்தொகுதி இது. லினக்ஸ் கணனியில் இரண்டையும் பணமின்றி நிறுவிக்கொள்ளலாம். பழைய கணனிகளிலும் இவை ஓடும்.

கறுப்புத் திரையில் கட்டளை எழுதுவது என்றதும் பலர் பயப்படுகிறார்கள். அது பொறியியலாளர்களின் மந்திரம் அல்ல. கடைக்குப் போகும் பிள்ளையிடம் “இன்ன கடைக்குப் போ, இதைச் செய், இந்தப் பையில் போடு, இவற்றை எடு” என்று சொல்வதைப் போன்றதுதான். வரிசை மட்டும் மாறக்கூடாது.

முதலாவது படி. எழுத்தில் உள்ள படத்தைப் பி-என்-ஜி ஆக்குதல். ‘மேஜிக்’ என்ற கட்டளைப் பெயர், இடைவெளி, எழுத்துக் கோப்பின் பெயர், இடைவெளி, புதிய கோப்பின் பெயர். புதிய பெயரின் இறுதியில் புள்ளியும் பி-என்-ஜி எழுத்துகளும் இருந்தால் எந்த வகையாக மாற்ற வேண்டும் என்பதைக் கருவி தானே விளங்கிக்கொள்ளும். இமேஜ்மேஜிக்கின் பழைய பதிப்புகளில் ‘மேஜிக்’ என்பதற்குப் பதிலாக ‘கொன்வேர்ட்’ என்று எழுதுவார்கள். விண்டோஸில் அதே பெயரில் வேறொரு கட்டளை இருக்கிறது. அது வன்தட்டின் அமைப்பை மாற்றும் கட்டளை. ஆகவே விண்டோஸில் ‘மேஜிக்’ என்றே எழுதுங்கள்.

இரண்டாவது படி. 32, 48 ஆகிய அளவுகளையும் அதேபோலச் செய்து வைத்துக்கொள்ளுதல்.

மூன்றாவது படி. எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்குதல். ‘ஐகோடூல்’ என்ற கட்டளைப் பெயர். இடைவெளி விட்டு, சிறு கோடும் சிறிய ‘சி’ எழுத்தும். ‘உருவாக்கு’ என்பது இதன் பொருள். இடைவெளி விட்டு, சிறு கோடும் சிறிய ‘ஓ’ எழுத்தும். அடுத்து வருவது விளையப்போகும் ஐகொன் கோப்பின் பெயர். அதன் பின் 16, 32, 48 பி-என்-ஜி கோப்புகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஓர் இடைவெளி. என்டர் விசையைத் தட்டினால் வேலை முடிந்தது.

செய்தது சரியா என்று பார்க்க, ‘சி’ எழுத்துக்குப் பதிலாகச் சிறிய ‘எல்’ எழுத்தைப் போட்டு ஐகொன் கோப்பின் பெயரைக் கொடுங்கள். உள்ளே எத்தனை படங்கள், என்ன அளவு என்று பட்டியல் வரும். ‘எக்ஸ்’ எழுத்தைப் போட்டால் உள்ளே இருப்பவற்றை வெளியே எடுத்துத் தரும். அதே தொகுதியில் உள்ள ‘ரெஸ்டூல்’ என்ற கருவி ஒரு விண்டோஸ் மென்பொருளுக்குள் இருந்தே ஐகொன்களைப் பிரித்தெடுக்கும். படித்துப் பார்ப்பதற்கு இது நல்லது. ஆனால் பிறர் வரைந்ததை எடுத்து எமது வேலையில் போட எமக்கு உரிமையில்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஓவியத்தைப் பாதுகாக்கிறது. எமது கைவேலையைப் பிறர் களவெடுத்தால் எமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும்.

பெரியதைச் சுருக்கினால் போதாதா?

48 கட்டத்தில் அழகாக வரைந்துவிட்டு, 16ஆகச் சுருக்கும்படி கருவியிடம் சொன்னால் அது சுருக்கித் தரும். ஆனால் 48இல் ஒரு கட்ட அகலமாக இருந்த கோடு 16இல் மூன்றில் ஒரு பங்காகிறது. மூன்றில் ஒரு கட்டம் என்று ஒன்று திரையில் கிடையாது. அதனால் கருவி அந்தக் கோட்டை மங்கிய சாம்பல் நிறமாக்கிவிடும். கொழுந்துக் கூடையின் பின்னலை 48இல் காட்டலாம்; 16இல் அது வெறும் அழுக்காகத் தெரியும். 16இல் பின்னலை விட்டுவிட்டுக் கூடையின் வெளிக்கோட்டை மட்டும் வரைவதே சரி. எதை விடுவது என்று தீர்மானிப்பது மனிதரின் வேலை. அதைக் கருவி செய்யாது.

மறுபுறம், சிறியதைப் பெருப்பிப்பதால் இல்லாத விபரம் வந்துவிடாது. இதை வாசகியர் பலர் சொந்த வாழ்க்கையில் அறிந்திருப்பீர்கள். காணாமற்போனவரின் படமாக ஒரு பழைய அடையாள அட்டைப் படமோ, கலியாண வீட்டுக் கூட்டப் படத்தில் ஒரு மூலையோ மட்டுமே எஞ்சியிருக்கும். அதைப் பெருப்பித்தால் கட்டங்கள்தான் பெரிதாகும். இன்று செயற்கை நுண்ணறிவு கொண்டு மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சிலர் சொல்கிறார்கள். அந்தத் தெளிவு படத்தில் இருந்து வருவதல்ல. இப்படி இருந்திருக்கலாம் என்று இயந்திரம் ஊகித்து வரைவது. வீட்டுச் சுவரில் மாட்டுவது உங்கள் விருப்பம். ஆனால் அடையாளம் காணும் தேவைக்கு, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ வேறு எந்த அலுவலகத்துக்கோ கொடுக்கும்போது, மூலப் படத்தின் பிரதியையே கொடுங்கள். மூலப் படத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் கட்டளை வரியின் இன்னொரு பயனும் தெரிகிறது. “உங்கள் படத்தை அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்” என்று சொல்லும் இணையத் தளங்கள் பல உண்டு. ஐகொன் செய்யவும் உண்டு, புகைப்படத்தின் அளவைக் குறைக்கவும் உண்டு. அனுப்பிய படம் யாருடைய கணனியில், எவ்வளவு காலம் கிடக்கும் என்று எமக்குத் தெரியாது. ஒரு பூப் படமானால் பரவாயில்லை. பிள்ளையின் படம், கணவரின் படம், அடையாள அட்டை, காணியுறுதி ஆகியவற்றை அப்படி அனுப்புவது புத்தியல்ல. அளவைக் குறைக்கும் அதே வேலையை இமேஜ்மேஜிக் எமது கணனியிலேயே, இணையத் தொடர்பு இல்லாமலே செய்துவிடும். எத்தனையோ முறை சோதனைச் சாவடிகளில் பெட்டி படுக்கையைத் திறந்து காட்டிய எமக்கு, எமது பொருள் எமது கையில் இருப்பதன் அருமை தெரியும்.

கேர்சர்: ஊசி முனை எங்கே?

கேர்சர் கோப்பின் பெயருக்குப் பின்னால் சி, யூ, ஆர் என்ற எழுத்துகள் வரும். அமைப்பில் இது ஐகொனின் உடன்பிறப்பு. முகவுரையில் வகையைக் குறிக்கும் இடத்தில் ஐகொனுக்கு 1, கேர்சருக்கு 2. முக்கியமான வித்தியாசம் ஒன்றுண்டு. கேர்சரில் 1,024 கட்டங்கள் இருந்தாலும் அதில் ஒரேயொரு கட்டம்தான் உண்மையில் ‘தொடுகிறது’. ஊசி எவ்வளவு நீளமானாலும் துணியில் இறங்குவது முனை மட்டுமே அல்லவா? அந்த முனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேர்சர் கோப்பில் இரண்டு எண்களில் எழுதியிருக்கும்: இடமிருந்து எத்தனை, மேலிருந்து எத்தனை. எண்ணத் தொடங்குவது 0இல் இருந்து. அம்புக்குறியின் முனை மேல் இடது மூலையில் இருந்தால் 0, 0. நடுவில் சந்திக்கும் கூட்டல் குறியானால் 32 கட்டத்தில் 15, 15 அல்லது 16, 16.

ஐகோடூல் கருவியிடம் கேர்சர் வேண்டும் என்று சொல்லி, இந்த இரண்டு எண்களையும் கொடுத்தால் அது கேர்சராகவே செய்து தரும். எண்களைக் கொடுக்காவிட்டால் முனை மூலையில்தான் இருக்கும். அப்போது திரையில் படம் சரியாகத் தெரியும். ஆனால் அழுத்தும் இடமெல்லாம் தவறிப் போகும். லினக்ஸ் திரைகளுக்கு எக்ஸ்கேர்சர்ஜென் என்ற இன்னொரு கருவி உண்டு. அதற்கு ஒரு சிறிய பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் அளவு, இடமிருந்து எண், மேலிருந்து எண், படத்தின் பெயர் என்று நான்கு விபரங்கள்.

இதில் என்ன பயன் என்று கேட்கலாம். செல் துண்டு பட்டு ஒரு கண்ணின் பார்வை குறைந்தவர்கள், சர்க்கரை நோயால் பார்வை மங்கியவர்கள், கை நடுங்குபவர்கள் எமது வகுப்புகளுக்கு வருகிறார்கள். வெள்ளைத் தாளின் மேல் ஓடும் வெள்ளை அம்புக்குறியை அவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். தடித்த கறுப்பு விளிம்பும் மஞ்சள் நிறமும் கொண்ட பெரிய கேர்சர் ஒன்று அவர்களின் பாதிக் களைப்பைத் தீர்க்கும். விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் அமைப்புகள் பகுதியிலேயே கேர்சரைப் பெரிதாக்கி நிறம் மாற்றலாம். அதைவிடப் பழைய கணனிதான் இருக்கிறது என்றால் நாமே செய்து போடலாம்.

கை இழந்தவர்களுக்கும் பார்வை இழந்தவர்களுக்கும் கட்டளை வரி இன்னொரு வகையில் உதவுகிறது. மவுஸை இழுத்துச் செய்யும் வேலைக்குக் கண்ணும் உறுதியான கையும் வேண்டும். கட்டளை என்பது வெறும் எழுத்து. ஒரு கையால் தட்டலாம். அவசரமில்லை. எழுத்தாக இருப்பதால் திரைவாசிப்பான் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டும். விண்டோஸில் இயங்கும் என்-வி-டி-ஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை 2006இல் எழுதத் தொடங்கியவர் மைக்கல் கரன் என்ற அவுஸ்திரேலியர். அவரும் பார்வையற்றவர். அதனுடன் வரும் ஈ-ஸ்பீக் என்ற குரல் தமிழையும் வாசிக்கும். மேலே கொடுத்த கொழுந்துப் படத்தைக்கூட வரி வரியாகக் கேட்டு, எண்ணித் தட்ட ஒருவரால் முடியும்.

இது வாழ்வாதாரமாகுமா?

ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐகொன் செய்வதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் அடுப்பு மூட்ட முடியாது. எமது பெண்களுக்குப் பயிற்சி என்ற பெயரில் சான்றிதழ் மட்டும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் போதும். கோழிக்குஞ்சு, தையல் இயந்திரம், கேக் அலங்காரம் என்று வந்து, சந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போன திட்டங்களின் வரிசையில் இதையும் சேர்க்கக்கூடாது.

ஆனால் இந்தச் சிறிய வேலைக்குள் பெரிய வேலைகளின் அடிப்படை இருக்கிறது. ஒரு கட்டளையை எழுதிச் சேமித்து வைத்தால் நாற்பது படங்களுக்கும் அதே வேலையை ஒரே தட்டில் செய்யலாம். பாடசாலைப் பிள்ளைகளின் அடையாளப் படங்களை ஒரே அளவாக்குதல், கடைப் பொருட்களின் படங்களை இணைய விற்பனைக்குத் தயார் செய்தல், மாத்தளையின் மிளகு, கராம்பு, சாதிக்காய் பொதி செய்யும் சிறு முயற்சியாளர்களுக்குச் சின்னமும் லேபலும் ஒழுங்கு செய்தல் ஆகியன இதன் தொடர்ச்சியே. அச்சகத்திலும் தொலைத்தொடர்பு நிலையத்திலும் இந்த வேலைகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாகச் செய்பவரைவிடக் கட்டளை அறிந்தவர் விரைவாக முடிப்பார்.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கணனியில் உள்ள கோப்புகளுக்கு உங்கள் அங்கத்தவர்களுக்கு விளங்கும் படங்களைச் செய்து போடுங்கள். சேமிப்புக்கு உண்டியல், மரண உதவிக்குக் குத்துவிளக்கு, கடனுக்குக் கணக்குப் புத்தகம், கொழுந்து நிறைக்குத் தராசு என்று அவர்களே தெரிவு செய்யட்டும். நாலு பேரைச் சுற்றி உட்கார வைத்து, சொல்லாமல் படத்தை மட்டும் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். நான்கு பேரும் ஒரே பதிலைச் சொன்னால் அந்தப் படம் சரி. ஆளுக்கொரு பதில் சொன்னால் மீண்டும் வரையுங்கள். பொருளாளரின் உதவி இல்லாமலே ஓர் அங்கத்தவர் தன் கணக்கைத் தானே திறந்து பார்க்க முடிந்தால், அதுவே இந்த வேலையின் வெற்றி.

தொடங்குவதற்குக் கணனி கூட உடனே தேவையில்லை. பிள்ளையின் கணக்குக் கொப்பியில் ஒரு தாள், ஒரு பென்சில் போதும். 16 கட்டம் அகலம், 16 கட்டம் உயரம் கோடிட்டுக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் வீட்டுக் கதவையோ, உங்கள் கூடையையோ வரைந்து பாருங்கள். நிரப்பிய கட்டத்துக்கு 1, வெற்றுக் கட்டத்துக்கு 0 என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளுடன் அருகில் உள்ள கணனி நிலையத்துக்குப் போங்கள். எழுதிய எண்களை அங்கே தட்டுவது மட்டுமே மிச்ச வேலை.